நான்கு அடி வெண்கலம்

எல்கடுவைக்கு மேலே ஹீனலந்தைத் தோட்டத்தின் மேற்பிரிவில், நான்கு அடி அகலமும் ஐம்பது அடி நீளமும் உள்ள ஒரு துண்டு நிலத்தில், 2020 பெப்ரவரி எட்டாம் திகதி முதல் 2023 ஜனவரி எட்டாம் திகதி வரை ஒரு துளி மழையும் விழவில்லை. தோட்டத்தின் மற்ற எல்லா இடங்களிலும் வழக்கம்போலப் பெய்தது. துண்டின் ஒரு பக்கத்தில் நின்ற வாழை நனைந்தது, மறு பக்கத்தில் அடுக்கியிருந்த செங்கல் நனைந்தது, நடுவில் புழுதி பறந்தது. துண்டுக்கு நேர் மேலே இருந்த வானம், அதே நீளத்துக்கும் அதே அகலத்துக்கும், வெண்கலமாகியிருந்தது. மழை அதில் விழுகிற சத்தம் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் வரைக்கும் கேட்டது. மிளகு வாங்குவதற்காகப் பலாபத்வலையிலிருந்து மாதம் இரண்டு தடவை லொறியில் வரும் ஜைனுதீன் நாநா, பழைய உலோகமும் வாங்கி விற்கிறவர். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டபோது லொறியை நிறுத்தி இறங்கி, மழையில் நனைந்துகொண்டே சிறிது நேரம் காது கொடுத்தார். “பித்தளை இல்ல. பித்தளைக்கு இந்த நாதம் வராது. அல்லாஹ்ட மேல ஆணையா இது வெண்கலம்தான்” என்றார். அதற்குப் பிறகு அது என்ன உலோகம் என்று மேற்பிரிவில் யாரும் விவாதிக்கவில்லை.

ஏன் என்பதிலும் அங்கே யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை, சொல்லத்தான் தயங்கினார்கள். மேற்பிரிவில் தொண்ணூறு வருடமாக ஒரு வழக்கம் உண்டு. வாக்களித்த நாட்டுக்குள் போய்ச் சேர்ந்ததும் மக்களை எதிரெதிரான இரண்டு மலைகளில் நிறுத்தி, ஒன்றில் ஆசீர்வாதங்களையும் மற்றதில் சாபங்களையும் சொல்ல வேண்டும் என்று பைபிளில் மோசே கட்டளையிடுகிறார். மண்சரிவில் ஒரு லயம் முழுதாகப் போன வருடத்துக்கு அடுத்த வருடம், சந்தியாகு என்ற உபதேசியார் அந்தக் கட்டளையை எடுத்து மேற்பிரிவுக்குப் பொருத்தினார். சிற்றாலயத்துக்குக் கீழே ஓடுகிற ஓடையின் இரண்டு கரையிலும் தேயிலை போட முடியாத இரண்டு பாறை மேடுகள் இருக்கின்றன. கிழக்கே உள்ளது வாழ்த்துமேடு, மேற்கே உள்ளது சாபமேடு. ஜனவரி ஆறாம் திகதி வரும் மூவிராசாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு காலையில் முப்பத்திரண்டு குடும்பங்களும் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிந்து ஏறும். அந்த மேட்டிலிருந்து ஆசீர்வாதங்கள் வாசிக்கப்படும், இந்த மேட்டிலிருந்து பன்னிரண்டு சாபங்கள் வாசிக்கப்படும், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மேடுகளும் சேர்ந்து ஆமென் சொல்லும். எந்த மேட்டில் நின்றாலும் இரண்டும் எல்லாருக்கும் பொருந்தும், நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்க முடியாது என்பது உபதேசியாரின் விதி. முடிந்ததும் சாயத் தேநீரும் தேங்காய் ரொட்டியும் உண்டு. மாத்தளையிலிருந்து பூசை வைக்க மாதம் ஒருமுறை வரும் சுவாமியார்கள் ஒவ்வொருவரும் புதிதாக வரும்போது இந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். ஒரு தடவை நேரில் நின்று அந்தப் பன்னிரண்டாவது ஆமெனைக் கேட்ட பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

சாபமேட்டில் வாசிக்கிறவர் மைக்கல். நாற்பத்தேழு வயது, சொந்தமாக ஒரு சிவப்பு முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். நல்ல மனிதர் என்றே பெயர். பிரசவத்துக்குப் போகிறவர்களிடம் கூலி வாங்கியதில்லை. அவருடைய குரல் ஒலிபெருக்கி இல்லாமல் ஓடையைத் தாண்டும் என்பதால் பதினொரு வருடமாக அவரே வாசித்தார். 2020 ஜனவரி பன்னிரண்டாம் திகதியும் அவர்தான் வாசித்தார். சாபங்களில் மூன்றாவது, அடுத்தவனுடைய எல்லைக்கல்லை நகர்த்துகிறவனைப் பற்றியது. அந்த வரியை வாசித்துவிட்டு அவரே முதல் ஆளாக ஆமென் சொன்னார், வழக்கத்தைவிடச் சத்தமாக. ஏனென்றால் அந்த மாதம் எல்லாருடைய நினைவும் எல்லைக்கற்களிலேயே இருந்தது. இன்னும் பத்து நாளில் நில அளவையாளர் வரவிருந்தார்.

மேற்பிரிவுக்காரர்களுக்கு வீடு கட்ட ஆளுக்கு ஏழு பேர்ச், ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி, காணி அளந்து கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. மைக்கலின் பூட்டன், பாட்டன், தகப்பன், பிறகு மைக்கல் என நான்கு தலைமுறை லயத்தின் ஒற்றை அறையான ஒரே காம்பிராவில் பிறந்து அதே காம்பிராவில் படுத்திருந்தார்கள். அவர் மனைவி ஷிரானி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டதெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவுதான். இருபது வருடமாக அதை ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் சொல்லி வந்தார். ஆகவே அளக்கிறவர் வரும்வரை மைக்கலுக்குப் பொறுக்கவில்லை. தோட்டத்தில் பலர் செய்வதுபோல, தனக்கு வரப்போகிற இடம் இதுதான் என்று கண் அளவில் முடிவு செய்து, நல்ல நாள் தவறக்கூடாதென்று கிறிஸ்மசுக்கு முன்பே அத்திவாரம் வெட்டிவிட்டார். அளந்து கல் போட்டபோதுதான் பிழை தெரிந்தது. வீடு அவர் காணிக்குள் அடங்கிவிட்டது, ஆனால் வீட்டு வாசலுக்கு முன்னால் வண்டி போக வழி இல்லை. நான்கு அடி குறைந்தது. அந்த நான்கு அடி, பக்கத்துக் காணிக்காரி மரிய கொறற்றியுடையது.

மரிய கொறற்றி கொழுந்து பறிக்கிறவர். ஆறாம் நம்பர் மலையில் குளவி கொட்டிக் கணவர் இறந்து ஒன்பது வருடம். மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். பெப்ரவரி எட்டாம் திகதி சனிக்கிழமை, பெண்கள் கொழுந்து நிறுக்கப் போய் லயத்தடி வெறிச்சோடிக் கிடந்த பகல் வேளையில், மைக்கல் அலவாங்கு என்னும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் முன்கல்லையும் பின்கல்லையும் கிளப்பி நான்கு அடி தள்ளி நட்டார். பழைய குழிகளை மூடி மேலே புல் பதித்தார். முப்பது நிமிட வேலை. பிறகு அலவாங்கைக் கழுவி வைத்தார். மழை பெய்யாத நாளில் கழுவிய அலவாங்கை ஷிரானி பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை.

மரிய கொறற்றி அடுத்த நாளே கண்டுபிடித்துவிட்டார். கல் போட்ட அன்றே அவர் தன் கூடைக் கயிற்றை, குசினி மூலைக்காக அடித்திருந்த முளையிலிருந்து முன்கல் வரை பிடித்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். இப்போது முடிச்சு கல்லைத் தாண்டி நான்கு அடி வெளியே போனது. பூசை முடிந்து ஆலயப் படியில் எல்லாரும் நிற்கும்போது கேட்டார்.

“மைக்கலண்ணே, கல்லு நகந்திருக்கு.”

“கல்லுக்குக் கால் இருக்கா தங்கச்சி?” என்றார் மைக்கல். எல்லாரும் சிரித்தார்கள். “ஒங்க கயிறுதான் மழையில நனஞ்சு இழுபட்டிருக்கும்.”

“ஒரு வாரமா எங்கண்ணே மழை?”

“அப்ப வெயில்ல இழுபட்டிருக்கும்.” மறுபடியும் சிரித்தார்கள். மைக்கல் அத்தோடு விட்டிருக்கலாம். படியில் நின்றவர்களைப் பார்த்து, கல் எங்கே போடப்பட்டதோ அங்கேதான் இருக்கிறது, பொய்யென்றால் தான் வாசித்த வரி தன் தலையில் விழட்டும் என்றார். அவர் அதைப் பேச்சுக்குச் சொன்னார். அன்று பின்னேரம் மூன்று மணிக்கு மழை வந்தது. நாற்பத்தைந்து நிமிடம் பெய்தது. அந்த நான்கு அடியில் பெய்யவில்லை.

மரிய கொறற்றி காரியாலயத்துக்குப் போனார். அளவை வரைபடம் மாத்தளையில் இருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அடுத்த மாதம் கொரோனா வந்து நாடு மூடப்பட்டது. வரைபடம் எங்கேயோ ஓர் அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரி பூட்டியிருந்தது, பூட்டியவர் எங்கே தனிமைப்படுத்தப்பட்டிருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மரிய கொறற்றி அதற்குப் பிறகு எங்கும் போய்க் கேட்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து தானும்தானே ஆமென் சொன்னேன், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்று ஷிரானியிடம் குழாயடியில் சொன்னார். குத்திக்காட்டாமல், தபாலில் போட்ட கடிதத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

மைக்கல் செய்த இரண்டாவது பிழை, தண்டனையை வசதி என்று எண்ணியது. அந்தத் துண்டில் நிறுத்தினால் வண்டி நனைவதில்லை. தகரம் வேண்டாம், தூண் வேண்டாம். முதல் ஆறு மாதம் அவர் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். “துரை பங்களாவுல கூட இப்பிடி ஒரு கராஜ் இல்ல” என்றார். அதற்குள் வீட்டையும் கட்டி முடித்து, வாசல் கதவை அந்தத் துண்டைப் பார்த்து வைத்து, உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை குடிபுகுந்தார்கள். ஷிரானி அன்று அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு நாள்தான் இருந்தார்கள். மேலே வெண்கலமென்றால் கீழே இரும்பு, அதுவும் பைபிளில் அந்தப் பன்னிரண்டுக்குப் பின்னால் வருகிற சாபங்களில் இருக்கிறது, ஆனால் யாரும் அதை மண்ணைப் பற்றியது என்று நினைத்ததில்லை. துண்டின் நிலம் முதலில் இறுகியது, பிறகு கறுத்தது, பிறகு நடந்தால் டங் டங் என்று கேட்டது. சேலை காயப்போட ஒரு கம்பம் நட முடியவில்லை. வெயில் ஏறியதும் மேலிருந்த வெண்கலம் காய்ந்து அதன் வெக்கை கீழே இறங்கியது, கீழிருந்த இரும்பு அதை வாங்கித் திறந்த வாசல் வழியாக வீட்டுக்குள் அனுப்பியது. கதவைச் சாத்தினால் கதவு கொதித்தது. பதினேழாம் நாள் பகல், ஷிரானி தாழ்ப்பாளைத் தொட்டு உள்ளங்கை வெந்துபோனது. தாழ்ப்பாளின் வடிவம் அந்தக் கையில் இப்போதும் இருக்கிறது. அன்றே பாய் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஷிரானியின் தம்பி லெஸ்லியின் லயக் காம்பிராவுக்கு இறங்கினார்கள். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர். மைக்கலும் ஷிரானியும் பிள்ளைகள் இருவருமாக ஒன்பது பேரானார்கள். மேலே புது வீடு வெள்ளைச் சுவரோடு யாருமில்லாமல் நின்றது. வீடு கட்டுவாய், அதில் குடியிருக்க மாட்டாய் என்றும் அதே இடத்தில் வருகிறது. லயத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டைக் கடந்து மலைக்குப் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இதே காலத்தில் மரிய கொறற்றியின் பக்கத்தில் நடந்ததையும் எழுத வேண்டும். வெண்கல வானம் சமமாக இல்லை, அவர் பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தது. அதில் விழுந்த மழை விளிம்பால் வழிந்து அவருடைய காணியில் இறங்கியது. முள்முருங்கைக் கட்டையில் அவர் ஏற்றியிருந்த மிளகுக் கொடி இரண்டாம் வருடமே காய்த்தது. அது மண்ணும் தண்ணீரும் செய்த வேலை என்று சொல்லலாம். கூடைக்கு அப்படிச் சொல்ல முடியாது. வாழ்த்துமேட்டில் வாசிக்கிற ஆசீர்வாதங்களில் ஒன்று கூடையைப் பற்றியது, இன்னொன்று மாப் பிசைகிற சட்டியைப் பற்றியது. மேற்பிரிவுப் பெண்கள் கூடை என்ற சொல் வந்ததும் மற்ற எல்லாவற்றையும்விட உரக்க ஆமென் சொல்வார்கள், கொழுந்துக்கூடை அவர்கள் தலையில் தொங்குவதால். 2020 பெப்ரவரியிலிருந்து மரிய கொறற்றியின் கூடை பதினெட்டு கிலோவுக்குக் கீழே நிறுக்கவில்லை. கொழுந்து இல்லாத வறட்சிக் காலத்தில் நிரையில் மற்றவர்களுக்கு ஒன்பதும் பத்தும் வரும்போதும் பதினெட்டு. காய்ச்சலோடு பாதி நாள் நின்றபோதும் பதினெட்டு. கங்காணி தராசை மாற்றிப் பார்த்தார், ஆளை நிரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

2021 ஜனவரியில் கூட்டம் கூடத் தடை இருந்தது. குடும்பத்துக்கு ஒருவர் என்று முப்பத்திரண்டு பேர் முகக்கவசத்தோடு இரண்டு மேடுகளிலும் இடைவெளி விட்டு நின்றார்கள். மைக்கல் வாசித்தார். முதல் சாபம், ஆமென். இரண்டாவது, ஆமென். மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதுக்குப் போனார். அவர் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில், ஓடைக்கு மேலே ஓர் ஆமென் கேட்டது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகக்கவசம் போட்டிருந்ததால் யார் சொன்னது என்று தெரியவில்லை. பிறகு விசாரித்ததில் யாருமே சொல்லவில்லை. தோட்டத்துக் கிளாக்கர் அழகையா, எதையும் எண்ணிப் பார்க்கிற மனிதர், அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றார். வாசிக்கப்பட்டது பதினொரு வரி, கேட்டது பன்னிரண்டு ஆமென். மூன்றாவது, மனிதக் குரல்போல இருக்கவில்லை, ஆனால் பயமுறுத்தவும் இல்லை என்று அவர் சொல்கிறார். பாறை இரண்டும் அவ்வளவு வருடமாகக் கேட்டு மனப்பாடம் செய்ததைத் திருப்பிச் சொன்னதுபோல இருந்தது என்கிறார். 2022 ஜனவரியில் மைக்கல் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி வரவே இல்லை. அன்று முழுவதும் அவர் உண்மையிலேயே பேச முடியாமல் இருந்தார்.

அந்த வருடம்தான் நாட்டில் எல்லாம் தீர்ந்துபோனது. பெற்றோல் இல்லாமல் சிவப்பு வண்டி இரும்புத் துண்டில் நான்கு மாதம் நின்றது. சீற்றின் றெக்சின் உறை வெக்கையில் உருகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பிறகு கோதுமை மா கடையிலிருந்து மறைந்தது. தோட்டத்தில் காலையும் இரவும் ரொட்டி, ரொட்டி இல்லையென்றால் ஒன்றுமில்லை. மரிய கொறற்றியிடம் ஒரு பழைய அலுமினியச் சட்டி இருந்தது. ஒரு நாள் அவர் தனக்கென்று இரண்டு ரொட்டிக்கு மாப் பிசைந்தார். தட்டிப் போட்டு எடுத்த பிறகும் சட்டியில் மா அப்படியே இருந்தது. மீண்டும் தட்டினார், மீண்டும் இருந்தது. அவர் அதிர்ச்சியடையவில்லை, கூடையோடு இரண்டு வருடம் பழகியிருந்தார். பக்கத்துக் காம்பிராவைக் கூப்பிட்டார். ஜூன் மாதத்திலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை அந்தச் சட்டி பன்னிரண்டு காம்பிராக்களுக்கு ரொட்டி கொடுத்தது. எத்தனை வாயோ அத்தனை ரொட்டி. எட்டுப் பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டு. விருந்தாளி வந்து ஒன்பதானால் ஒன்பதாவதும் இருக்கும், எடுத்து ஒளித்துவைக்கப் பத்தாவது இருக்காது. இது அங்கே விறகு விலை பேசுவதுபோலப் பேசப்பட்டது.

லெஸ்லியின் காம்பிராவுக்கு ஒன்பது வந்தது. ஷிரானிதான் போய் வாங்குவார். முதல் வாரம் மைக்கல் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். ஒன்பதாவது ரொட்டி தட்டில் கிடக்கும், வேறு யார் எடுத்தாலும் அது பிய்ந்து வராது, யாராலும் அதைத் தின்ன முடியவில்லை. ஏழாம் நாள் ஷிரானி அதை அவர் முன்னால் வைத்தார்.

“இது ஒங்களுக்குத்தான் வந்திருக்கு. வேற யாருக்கும் பிய்ய மாட்டேங்குது. தின்னுங்க.”

“அவ கையால வந்தத நான் எப்பிடிடி திங்கிறது?”

“அவ கையால வரல்ல. அவ சட்டியால வந்திச்சு. சட்டிக்கு யார் குடுத்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பதினொரு வருசம் வாசிச்சீங்களே.” பிறகு, வெந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, “அன்னைக்கு அலவாங்கக் கழுவி வச்சிருந்தீங்க. நானும் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். ரெண்டு பேருந்தான் திங்கிறோம்” என்றார்.

மைக்கல் ஒரு துண்டு பிய்த்தார். பிய்ந்தது. வாயில் வைத்தபோது அது கல்லாகும் அல்லது கசக்கும் என்று எதிர்பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார். ஆகவில்லை. உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்ந்த சாதாரண ரொட்டியாக, சூடாக, நல்ல ருசியாக இருந்தது. வெண்கலத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருந்தார். இந்த ருசியைத்தான் தாங்க முடியவில்லை. தன் தலைக்கு மேலே நான்கு அடி வானத்தை ஒரு அங்குலமும் பிசகாமல் பூட்டி வைத்திருக்கிறவர், அதே கவனத்தோடு தன் வாயையும் எண்ணி ஒன்பதாவதை அனுப்பியிருக்கிறார் என்று அவருக்கு விளங்கியது. சொன்ன ஒன்றையும் மறவாதவரிடம் எதை மறைத்து வைப்பது. அன்று அவர் ரொட்டியை முழுதாகச் சாப்பிட்டு முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அதற்குப் பிறகும் ஐந்து மாதம் அவர் ஒன்றும் செய்யவில்லை. விளங்குவதற்கும் இறங்கிவந்து ஒத்துக்கொள்வதற்கும் இடையில் மேற்பிரிவு ஆண்களுக்கு வழக்கமாக அவ்வளவு காலம் பிடிக்கும்.

2023 ஜனவரி எட்டாம் திகதி காலை ஏழரை மணிக்கு அவர் சாபமேட்டில் ஏறி, வாசிக்க ஆயத்தமாக நின்ற அழகையாவிடமிருந்து புத்தகத்தைக் கை நீட்டி வாங்கினார். மரிய கொறற்றிக்கு அந்த வருடம் சீட்டில் வாழ்த்துமேடு விழுந்திருந்தது, அவர் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றார். மிளகுக்காக வந்த ஜைனுதீன் நாநா பாதையோரம் லொறியில் சாய்ந்து நின்றார். முதல் சாபம், ஆமென். இரண்டாவது, ஆமென். மைக்கல் மூன்றாவதை வாசித்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை. யாரும் திட்டமிடவில்லை, வாய் வரவில்லை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பாறைகளும் பேசவில்லை. ஓடைகூட அந்த நேரம் சத்தமில்லாமல் ஓடியது. முப்பத்திரண்டு குடும்பமும் இரண்டு பாறையும் காத்திருந்தன. அப்போது மைக்கல் தனியாக ஆமென் சொன்னார். அந்தக் குரல் ஓடையைத் தாண்டவில்லை. ஆகவே இன்னொரு தடவை சொன்னார், அது தாண்டியது. பிறகு, “அந்த ஆள் நான்தான். கல்ல நான்தான் எடுத்தேன்” என்றார்.

“தெரியும்ணே!” எதிர் மேட்டிலிருந்து மரிய கொறற்றியின் குரல் வந்தது. “மிச்சத்தையும் வாசிச்சு முடிங்க. வெயில் ஏறுது.”

மிச்ச ஒன்பதையும் வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் ஆமென் விழுந்தது. பிறகு எல்லாரும் தேநீரைக்கூடக் குடிக்காமல் துண்டு நிலத்துக்குப் போனார்கள். மைக்கல் வெட்கத்தில், எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். போனார்கள். அவர் அதே அலவாங்கால் முன்கல்லைக் குத்தினார். இரும்பில் இரும்பு பட்டுப் பொறி பறந்தது. ஒன்றரை மணித்தியாலம் குத்தினார், அலவாங்கின் முனை வளைந்தது, கல் அசையவில்லை. பத்தரை மணியளவில் மரிய கொறற்றி ரொட்டியோடு வந்து பார்த்தார்.

“அன்னைக்கு எப்பிடிண்ணே எடுத்தீங்க?”

“ஆள் இல்லாத நேரம் பாத்து எடுத்தேன் தங்கச்சி.”

“அப்ப இன்னைக்கு ஆள் இருக்கிற நேரம் பாத்து எடுங்க” என்றவர், திரும்பி ஓடைப் பக்கம் பார்த்து எல்லாரையும் கூப்பிட்டார். குழந்தை குட்டிகளோடு வந்து சுற்றி நின்றார்கள். ஜைனுதீன் நாநா முன்வரிசையில் நின்றார். எல்லாருடைய கண்ணும் தன் கையில் இருக்க, மைக்கல் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து கல்லைப் பிடித்தார். முள்ளங்கி வருவதுபோல வந்தது. பின்கல்லும் அப்படியே. நான்கு அடி தூக்கிக்கொண்டு போனபோது, அவர் மூடிப் புல் பதித்த பழைய குழிகள் இரண்டும் திறந்திருந்தன. ஓரம் சரியவில்லை, உள்ளே ஒரு சருகும் இல்லை. முந்தின நாள் வெட்டியதுபோல ஈரமாக இருந்தன. கற்கள் உள்ளே இறங்கி உட்கார்ந்தன.

மைக்கல் நிமிராமல் கேட்டார். “அன்னைக்கே ஒங்ககிட்ட வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்” என்றார் மரிய கொறற்றி. “எனக்கே எடம் காணாது. ஆனா கேட்டிருக்கலாம்.” பிறகு, “இந்தாங்க, ஆறுறதுக்கு முன்ன தின்னுங்க” என்று ரொட்டியை நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, மேலே வெண்கலம் பின்கல்லின் பக்கமிருந்து முன்கல்லை நோக்கி, ஈரத்துணியால் துடைத்ததுபோல நிறம் விட்டுப் போனது. அந்த இடத்தில் சாதாரண வானம் இருந்தது. எங்குமே மேகம் இல்லை. அந்தச் சாதாரண வானத்திலிருந்து அந்த நான்கு அடிக்கு மட்டும் மழை பெய்யத் தொடங்கியது. சுற்றி நின்றவர்களில் ஒருவர்மீதும் படவில்லை. பலமான மழையல்ல, விதைக்கிற காலத்தில் பெய்கிற மாதிரியான மழை. இரும்பு முதலில் ஆவி விட்டது, பிறகு பழுப்பாகியது, பிறகு மண்ணாகி வாசம் எழும்பியது. அந்த வாசம் வந்ததும் ஷிரானி முழங்காலில் இருந்தார். பிறகு மற்றவர்களும் இருந்தார்கள். ஜைனுதீன் நாநா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “அவன் சொன்னா சொன்னதுதான்” என்று மெல்லச் சொன்னார். அதற்கும் சிலர் ஆமென் சொன்னார்கள்.

அது நாற்பது நாள் இரவும் பகலும் விடாமல் பெய்தது. அந்தத் துண்டில் ஒரு மழைமானியை வைத்தவர் அழகையா. தோட்டத்துக் காரியாலயத்தில் நாள்தோறும் மழையை அளந்து எழுதுவது அவர் வேலை என்பதால், 2020 பெப்ரவரி எட்டிலிருந்து அந்த இரண்டு வருடமும் பதினொரு மாதமும் மேற்பிரிவில் பெய்தது எவ்வளவு என்று அவரால் கூட்டிச் சொல்ல முடிந்தது. ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர். பெப்ரவரி பதினாறாம் திகதி காலை, நாற்பதாம் நாள், அவர் மானியைப் பார்க்கும்போது ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. இடையில் மற்ற இடங்களுக்கும் பெய்த சாதாரண மழையை அவர் ஏற்கெனவே கழித்திருந்தார். பிடித்து வைக்கப்பட்ட நாட்களில் அந்த மழை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு துளியும் குறையாமல் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே மைக்கல் துண்டைப் பார்த்திருந்த வாசலைச் செங்கல்லால் அடைத்து, பாதைப் பக்கம் புதிய வாசல் வெட்டினார். ஷிரானி பழைய தாழ்ப்பாளைக் கழற்றிப் புதிய கதவில் போடச் சொன்னார். அது குளிர்ந்திருந்தது. வண்டி பாதையோரத்தில் நிற்கிறது, மழை வந்தால் நனைகிறது. மரிய கொறற்றி அந்த நான்கு அடியில் மிளகு நட்டிருக்கிறார், நன்றாக ஏறியிருக்கிறது. வாசிப்பை இப்போதும் மைக்கல்தான் செய்கிறார், மூன்றாவது வரியில் அவர் சற்று மெதுவாகப் போவார், எல்லாரும் பொறுத்திருப்பார்கள்.

2023 மார்ச்சில் புதிதாக வந்த துரை மழைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேற்பிரிவில் ஒரு மானி மட்டும் ஏன் இவ்வளவு காட்டியிருக்கிறது, பழுதா என்று கேட்டார். அழகையா எட்டிப் பார்த்தார்.

“இல்ல சேர். சொன்ன மழதான். கொஞ்சம் லேட்டா வந்திச்சு.”

துரை கையொப்பமிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.